விலைத் தளம்பல்: கடந்தகாலக் கணக்குக்கு ஒரு சொல்

கிருஷ்ணகிரியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். ஞாயிறு மாலை இங்கே ஆப்ஷன் (ஒரு பங்கைக் குறித்த விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) வகுப்பு எடுக்கிறேன். ஒரு பங்கின் விலை இதுவரை எவ்வளவு ஆடியது என்று அளக்கும் எண்ணுக்கு நல்ல தமிழ்ச்சொல் வேண்டும். ஆங்கிலத்தில் historical volatility. 'வரலாற்று ஏற்ற இறக்கம்' வகுப்பில் நிற்கவில்லை. "ஏற்ற இறக்கம் ஏறியது" என்கிறோம், அடுத்த வரியில் "ஏற்ற இறக்கம் இறங்கியது" என்கிறோம். கேட்பவர் விலைதான் இறங்கியது என்று எடுத்துக்கொள்கிறார்.

இந்த எண்ணுக்குத் திசை கிடையாது. இராயக்கோட்டை மண்டியில் ஒரு பெட்டி தக்காளி 300, 310, 305, 300 என்று போகிறது என வையுங்கள். இன்னொரு வாரம் 300, 420, 210, 300. இரண்டும் தொடங்கிய விலைக்கே வந்து நிற்கின்றன. ஆனால் இரண்டாவது வாரத்தில் வியாபாரிக்குத் தூக்கம் இருக்காது. அந்த வேறுபாட்டைத்தான் அளக்கிறோம். ஒவ்வொரு நாள் முடிவு விலையையும் முந்தின நாள் விலையால் வகுத்து, மடக்கை எடுத்து, திட்ட விலக்கம் காண வேண்டும். அதை 252இன் (ஓராண்டின் வர்த்தக நாள்கள் என்று கொள்ளும் எண்) வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஆண்டுக் கணக்கு. நாளுக்கு 1 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 16.

'அலைவு' என்று வைக்கலாமே என்றால், எனக்கு உடன்பாடில்லை. பள்ளிப் பாடத்தில் அலைவது ஊசல். போன வழியே திரும்பி வரும். ஆப்ஷனை விற்றுவிட்டு "விலை திரும்பிடும்" என்று காத்திருந்து முதலைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நாம் தரும் சொல்லே அந்த நம்பிக்கையை ஊட்டக் கூடாது. "மார்க்கெட் ரொம்ப ஆடுது" என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் 'விலையாட்டம்' வாய்ப்பேச்சில் விளையாட்டு ஆகிவிடும்.

இலங்கைத் தமிழில் பொருளியல் எழுதுபவர்கள் 'தளம்பல்' என்கிறார்கள். திசை இல்லை, ஒழுங்கான கால அளவும் இல்லை, 'தளம்புகிறது' என்று வினையாகவும் வரும். இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நடந்ததை அளப்பது 'நிகழ்ந்த தளம்பல்'. ஆப்ஷன் பிரீமியத்தை (ஆப்ஷன் சந்தையில் விற்கும் விலை), ஆப்ஷனுக்கு விலை காண 1973இல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்டுப் பின்னோக்கிக் கண்டெடுப்பது 'உள்ளுறைத் தளம்பல்'. சரியா?

தருமபுரியிலிருந்து:

வணக்கம் ஐயா. தளம்பல் அருமை. 'நிகழ்ந்த' மட்டும் இடிக்கிறது. எத்தனை நாளுக்கு என்று அதில் சேர்க்க வழியில்லை. நாள் தெரியாவிட்டால் இந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு நாள். பங்குச்சந்தைக் குறியீட்டெண் நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 6 விழுக்காடு சரிந்தது. 20 நாள் கணக்குப் பார்த்தவருக்கு அந்த ஒரு நாள் 20 வர்த்தக நாளும் உள்ளே உட்கார்ந்து எண்ணைத் தூக்கிப் பிடித்தது. அது கணக்கைவிட்டு வெளியேறியதும், சந்தையில் புதிதாக ஒன்றும் நடக்காமலே எண் சடாரென்று விழுந்தது. ஓராண்டுக் கணக்கில் அதே நாளின் பாரம் மிகக் குறைவு. "தளம்பல் குறைஞ்சிடுச்சு" என்று நம்பி அன்று ஆப்ஷன் விற்றவர், கணக்கிலிருந்து ஒரு நாள் கழன்றதைச் சந்தையின் அமைதி என்று நினைத்திருப்பார்.

அதனால் பொதுப்பெயர் 'கடந்தகாலத் தளம்பல்' என்று இருக்கட்டும். எண் சொல்லும்போது 'கடந்த 20 நாள் தளம்பல்', 'கடந்த ஓராண்டுத் தளம்பல்'. நாள் எண்ணிக்கை சொல்லுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிடும். யாரும் விட்டுவிட முடியாது.

கிருஷ்ணகிரியிலிருந்து:

ஏற்கிறேன் அம்மா, என்னுடையதைவிட இது நல்லது. இந்த வார வகுப்புக் குறிப்பில் இப்படியே போடுகிறேன். உள்ளுறைத் தளம்பலுக்கும் இதே தேவை உண்டு: எந்த மாதக் காலாவதி, எந்த ஸ்ட்ரைக் (வாங்கவோ விற்கவோ ஆப்ஷனில் குறித்த விலை) என்று சொல்ல வேண்டும். 'ஸ்ட்ரைக்' என்பதற்கு 'ஒப்பந்த விலை' போதுமா என்று மற்றவர்கள் எழுதுங்கள்.