நரம்பு ஊசி போட்டும் அம்மா கால் புண் ஆறலையே, ஏன்?

வியாசர்பாடி மலர்:
அம்மாவுக்கு 52 வயசு. தி.நகர் துணிக்கடை ஒண்ணுல பட்டுப்புடவை செக்‌ஷன். 19 வருஷமா காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நின்னுக்கிட்டே வேலை. நான் வயித்துல இருந்தப்பவே முட்டிக்குப் பின்னாடி பச்சையா புடைக்க ஆரம்பிச்சுதாம். இப்ப இடது கால்ல, கொலுசு போடுற இடத்துக்குக் கொஞ்சம் மேல, உள்பக்கம் தோல் டிகாக்‌ஷன் நிறத்துல கறுத்துடுச்சு. ஓயாத அரிப்பு. சொறிஞ்ச இடம் புண்ணாகி ரெண்டு மாசமாச்சு. பக்கத்து கிளினிக்ல பத்து நரம்பு ஊசி போட்டாங்க. நல்லெண்ணெய் தேய்ச்சு நீவியும் பாத்தோம். சுகர் இல்லை. வேற என்னதான் பண்றது?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
மலர், அது நரம்பே இல்லம்மா. நம்ம பேச்சுல கால் மரத்துப்போனாலும் நரம்பு, ரத்தக்குழாய் புடைச்சாலும் நரம்பு. இந்த ஒரு வார்த்தையை நம்பி வருஷக்கணக்கா சத்து ஊசி போட்டுக்கிட்டு, புண்ணு உள்ளங்கை அகலம் ஆனப்புறம் வார்டுக்கு வந்தவங்களை நிறைய பாத்திருக்கேன். மனசு ஆறாது. உங்கம்மாவுக்குக் கெட்டது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோற குழாய்.

வீட்டு அடிபம்பை நினைச்சுக்கோ. ஆடுசதைதான் கைப்பிடி. நடக்கும்போது அது இறுகி ரத்தத்தை மேலே தள்ளும். குழாய்க்குள்ள இருக்குற வால்வு, வாஷர் மாதிரி. ஏறினதை இறங்க விடாது. ஒரே இடத்துல நின்னா கைப்பிடி அசையாது. பிரசவம், வயசு, எடை, குடும்பவாகு எல்லாம் சேர்ந்து வால்வு தளர்ந்துட்டா, ரத்தம் கீழேயே தேங்கும். அந்த அழுத்தத்துல சிவப்பணுக்கள் தோலுக்குள்ள கசிஞ்சு, அதுல இருக்குற இரும்பு படியும். டிகாக்‌ஷன் நிறம் அதனாலதான். அப்படி நொந்த தோல்ல சின்னக் கீறலும் புண்ணாகும். அழுத்தம் குறையாம வெறும் களிம்புல அது ஆறாது.

சென்ட்ரல் எதிர்ல ஜிஎச்ல ரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கு, அங்க கூட்டிட்டுப் போ. டாப்ளர் ஸ்கேன்ல, அதாவது ரத்த ஓட்டத்தைக் காட்டுற ஸ்கேன்ல, எந்த வால்வு ஒழுகுதுன்னு தெரிஞ்சிடும். தேங்குற ரத்தத்தை மேலே தள்ள காலை இறுக்கிப் பிடிக்கிற அழுத்தக் கட்டோ ஸ்டாக்கிங்ஸோ (இறுக்கமான காலுறை) நீங்களா வாங்கிக் கட்டாதீங்க. பாதத்துக்கு இறங்குற ரத்தம் சரியா இருக்கான்னு டாக்டர் பாத்த பிறகுதான். நீவுறதை இன்னிக்கே நிறுத்து. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. அப்படின்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி. புடைச்ச இடம் வெடிச்சு ரத்தம் பீறிட்டா, படுக்க வெச்சு காலை உயர்த்தி, துணியால அழுத்திப் பிடி.

பஸ் கண்டக்டர்:
எனக்கும் எங்கப்பாவுக்கும் இதேதான். கெட்ட சிரையை லேசர்ல அடைச்சுட்டு அன்னிக்கே வீட்டுக்கு வந்தேன். மே மாச வெயில்ல ஸ்டாக்கிங்ஸ் மாட்டுறது பெரும்பாடு, ஆனா காலையில வீக்கம் வர்றதுக்கு முன்னாடி மாட்டிட்டா சாயங்காலம் கால் கனக்கறதில்லை. ராத்திரி காலுக்கு ரெண்டு தலையணை வெக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தரணும்னு 2021-லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு தங்கச்சி. கேளுங்க.

வியாசர்பாடி மலர்:
ஜிஎச் போயிட்டு வந்தோம். தொடை இடுக்குல இருக்குற வால்வுலயே ஒழுகுதாம். புண்ணுக்கு அழுத்தக் கட்டு போட்டு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க. நாற்காலி கேக்க அம்மா பயப்படுறாங்க, வேலை போயிடுமோன்னு. சனிக்கிழமை சூப்பர்வைசரைப் பாக்க நானும் கூடப் போறேன்.