"முழங்கால் தண்ணீர் ஒன்றும் செய்யாது" என்று எழுதியவருக்கு

குன்னூர்க்காரி:
தனியாகக் கடற்கரை ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு என்று போன வாரம் இங்கே கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானல்காரன் ஒரு பட்டியல் போட்டிருந்தார். அதில் ஒரு வரி: "முழங்கால் தண்ணீரில் நின்றால் எந்தக் கடலும் ஒன்றும் செய்யாது, தாராளமாக நில்லுங்கள்." அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன வருடம் ஜூலையில் தனியாகக் கேரளாவில் இருக்கும் வர்க்கலா போனேன். மேட்டுப்பாளையம் வரை பஸ், கோயம்புத்தூரில் ராத்திரி ரயில், விடியும்போது வர்க்கலா சிவகிரி ஸ்டேஷன். பாபநாசம் கடற்கரையை ஒட்டிச் செம்பாறை சுவர் மாதிரி நிற்கும். மேலே கடைகள், அறைகள். படியில் இறங்கினால் மணல். தென்மேற்குப் பருவமழையில் கடல் அந்த மணலை வாரிக்கொண்டு போய்விடும். மிச்சமிருப்பது செங்குத்தாகச் சரிந்த கரை. நான் முழங்கால் அளவில்தான் நின்றேன். ஒரு அலை வந்தது, தாங்கிக்கொண்டேன். அது திரும்பும்போது பாதத்துக்கு அடியில் இருந்த மணலையும் சேர்த்து இழுத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த அலை தலைக்கு மேல். லைஃப்கார்டு விசில் அடித்துக்கொண்டே ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். பையும் போனும் மணலில் கிடந்தன. அவர் பார்க்காமல் இருந்திருந்தால் என்னைக் காணோம் என்று தேட அங்கே யாரும் கிடையாது. கூட ஒருவர் இருந்தால் கை நீட்டுவார். தனியாகப் போகிறவளுக்கு அந்தக் கை இல்லை. அந்த வரியை எடுங்கள், தம்பி.

வட்டக்கானல்காரன்:
அக்கா, நல்லபடியாகத் திரும்பினீர்கள், சந்தோஷம். ஆனால் நீங்கள் எழுதியதை நீங்களே படியுங்கள். "தலைக்கு மேல்" என்கிறீர்கள். தலைக்கு மேல் வந்தால் அது முழங்கால் தண்ணீரா? நான் சொன்னது முழங்கால் தண்ணீர். கோகர்ணா, வர்க்கலா, தரங்கம்பாடி, தனுஷ்கோடி எல்லாம் பதினான்கு வருடமாகத் தனியாகச் சுற்றியவன் நான். ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

குன்னூர்க்காரி:
நின்றது முழங்கால் தண்ணீர். விழுந்த பிறகுதான் தலைக்கு மேல். இரண்டுக்கும் நடுவில் நான்கு விநாடிகூட இல்லை.

வட்டக்கானல்காரன்:
அப்படியானால் விழுந்ததுதான் பிரச்சினை. தண்ணீர் இல்லை.

கோத்தகிரித் தோட்டக்காரர்:
நான் ஒன்று கேட்கிறேன். கர்க்கடக வாவு என்று மலையாளிகள் சொல்வது நம் ஆடி அமாவாசைதான். அன்று இதே பாபநாசத்தில் ஆயிரக்கணக்கான பேர் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்து முழுக்குப் போடுகிறார்கள். எழுபது வயதுப் பாட்டிமார்களும் இறங்குகிறார்கள். அதுவும் மழைக்காலம்தானே? அவர்களை இழுக்காத கடல் உங்களை மட்டும் இழுத்ததா?

குன்னூர்க்காரி:
அன்று கரை முழுக்கப் போலீஸ், தீயணைப்பு, லைஃப்கார்டு நிற்பார்கள், ஐயா. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு முழுகுவார்கள். நான் தனியாகப் போனதைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் திருவிழாக் கூட்டத்தைக் காட்டுகிறீர்கள்.

ஊட்டிப் பெரியவர்:
ஜூலையில் கடற்கரைக்குப் போனதே தப்பு. அதுவும் ஒரு பெண் தனியாக.

குன்னூர்க்காரி:
ஏப்ரல், மே சீசனில் கடையை விட்டு நகர முடியாது. ஜூலையில்தான் எனக்கு நான்கு நாள் மூச்சு விட நேரம். தனியாகப் போனது தப்பில்லை, மறுபடியும் போவேன். அங்கே ஒரு விடுதியிலும் இதே கேள்விதான்: "தனியாகவா?" மூன்று தடவை கேட்டார்கள். "இந்த மாதம் கடலில் இறங்காதீர்கள்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் கும்பிட்டிருப்பேன்.

பாம்பன் மகள்:
நான் பாம்பனில் பிறந்தவள், பண்ணைக்காட்டில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் பக்கம் வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே இருப்பது ஆண் கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குக் கடலில் அப்பா எங்களைக் கால் நனைக்கக்கூட விடமாட்டார். அதே நாளில் வடகடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கும். வாடை வந்தால் அப்படியே மாறும். எந்தக் கடல், எந்த மாதம் என்று கேட்காமல் முழங்கால் கணக்குச் சொல்கிறவர் கடலைப் பார்த்தவர் இல்லை.

அப்புறம் கள்ளக்கடல் என்று ஒன்று இருக்கிறது. தெற்கே எங்கோ நடுச்சமுத்திரத்தில் அடித்த புயலின் அலை இங்கே வந்து சேரும். உள்ளூரில் காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் திடீரென்று எழும்பும். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் இதற்கு எச்சரிக்கை விடுகிறது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து பிள்ளைகள் போனது இதில்தான்.

வட்டக்கானல்காரன்:
வருத்தமான விஷயம். ஆனால் அவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்களா? அதைச் சொல்லுங்கள்.

குன்னூர்க்காரி:
செத்துப்போன பிள்ளைகளின் காலை அளந்து காட்டச் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை என்றால் இப்படிக் கேட்பீர்களா?

வட்டக்கானல்காரன்:
என் வீட்டை இழுக்காதீர்கள். உங்களைப் போலப் பயமுறுத்துகிறவர்களால்தான் மலைப் பிள்ளைகள் முப்பது வயது வரை கடலைப் பார்க்காமல் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தைரியம் கொடுக்கத்தான் அந்தப் பட்டியலை எழுதினேன். நீச்சல் தெரியாதவன் முழங்கால் வரை நிற்கலாம் என்று சொன்னது குற்றமா?

கோத்தகிரித் தோட்டக்காரர்:
தைரியத்தைப் பற்றிக் கொடைக்கானல்காரர்கள் பேச வேண்டாம். உங்கள் டால்பின் நோஸ் பாறை விளிம்பில் பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் எடுக்கிறவர்கள் நீங்கள்.

வட்டக்கானல்காரன்:
குன்னூரிலும் ஒரு டால்பின் நோஸ் இருக்கிறது, ஐயா. அங்கே மட்டும் கோலமா போடுகிறார்கள்? எங்கள் பாறையில் வழுக்கியவர்களைத் தோளில் சுமந்து மேலே ஏற்றியவன் நான். விபத்து என்றால் என்ன என்று எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். போன வருடம், மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் வந்து கொடைக்கானலைக் குத்தினீர்கள், மறக்கவில்லை.

கோத்தகிரித் தோட்டக்காரர்:
இ-பாஸ் 2024 மே 7 முதல் இரண்டு மலைக்கும்தான் வந்தது. ஊட்டியால்தான் உங்களுக்கும் வந்தது என்று எழுதியது யார்?

ஊட்டிப் பெரியவர்:
அதைச் சொன்னவர் முதலில் மன்னிப்புக் கேட்கட்டும்.

குன்னூர்க்காரி:
இ-பாஸுக்கு வேறு இடம் பாருங்கள். நான் இன்னும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறேன். அங்கே என்னைக் காப்பாற்றியவர் சொன்னதையும் எழுதுகிறேன், யாராவது படியுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதே. நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதே, கை ஓய்ந்துவிடும். மிதந்துகொண்டு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்கு வா. தனியாக இருந்தால் லைஃப்கார்டு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் நில். வரப்போகிறவர்களுக்கு இதை எழுதியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

வட்டக்கானல்காரன்:
சரி, இந்த டிசம்பரில் வர்க்கலா போகிறேன். முழங்கால் தண்ணீரில் அரை மணி நேரம் நின்று படம் போடுகிறேன். அப்போது பேசுவோம்.

பாம்பன் மகள்:
டிசம்பரில் மேற்குக் கரை சாதுவாகத்தான் இருக்கும். அந்தப் படத்தை ஜூலைக்குச் சாட்சியாக வைப்பீர்களா?

வட்டக்கானல்காரன்:
பார்த்தீர்களா, சாது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

குன்னூர்க்காரி:
ஜூலை, ஜூலை, ஜூலை. எத்தனை முறை எழுதுவது? ஆடி பிறந்துவிட்டது. உங்கள் பட்டியலுக்குக் கீழே இன்று காலை ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: "நன்றி அண்ணா, அடுத்த வாரம் தனியாகக் கோவளம் போகிறேன், நீச்சல் தெரியாது." அவளுக்காகவாவது அந்த வரியை எடுங்கள்.

பாம்பன் மகள்:
எந்தக் கோவளம்? சென்னைக்குப் பக்கத்தில் ஒன்று, கேரளாவில் ஒன்று. கேரளக் கோவளம் என்றால் இப்போது இறங்கவே வேண்டாம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

வட்டக்கானல்காரன்:
முழங்கால் வரை இறங்கலாம்.