12 வயசுப் பையன், 7 வயசுப் பொண்ணு: எந்த கேம் கொடுக்கலாம், காசு போகாம எப்படிப் பார்த்துக்கிறது?

திருமங்கலம்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனும் அவங்க அப்பா போனும் இருக்கு. ஜிபே எல்லாம் அப்பா போன்லதான். பையன் பிஜிஎம்ஐயும் (ஆன்லைன்ல சேர்ந்து ஆடுற துப்பாக்கிச் சண்டை கேம்) ஜிடிஏவும் (கார் திருட்டு, அடிதடி கேம்) கேக்குறான். பொண்ணுக்கு எது சரின்னு தெரியலை. "அரை மணி நேரம்தான்"னு சொல்லிக் கொடுத்தாலும், திருப்பி வாங்கும்போது தினமும் சண்டை. கோடை லீவுக்குள்ள இதைச் சரி பண்ணணும்.

தெப்பக்குளம்_82:
அக்கா, முதல்ல காசு போற வழியை அடைச்சிருங்க. பழைய போன்ல அப்பாவோட கூகுள் கணக்கு இருந்தா எடுத்துருங்க. பிள்ளை பேர்ல ஃபேமிலி லிங்க் (பிள்ளை போனைப் பெத்தவங்க கட்டுப்படுத்துற கூகுள் ஆப்) வழியா தனிக் கணக்கு போட்டா, எந்த ஆப் இறக்கினாலும் உங்க அனுமதி கேக்குற மாதிரி வைக்கலாம்.

அப்பா போன்ல பிளே ஸ்டோரைத் திறந்து, மேல வலது பக்கம் இருக்குற படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ்ல பர்ச்சேஸ் வெரிஃபிகேஷனை (வாங்குறது நீங்கதானான்னு சரிபார்க்கிறது) ஒவ்வொரு தடவையும் கேக்குற மாதிரி வைங்க. நிறைய வீட்டுல கோட்டை விடுறது இங்கதான். லாக் திறக்க வசதியா இருக்கும்னு பிள்ளையோட விரலையும் போன்ல பதிஞ்சு வச்சிருப்பாங்க. வாங்குறதுக்கும் கைரேகை ஆன்ல இருந்தா அந்தச் சின்ன விரலே போதும். யுபிஐ பின் தடுக்கும்னு நம்பாதீங்க. ரிடீம் கோடு (கிஃப்ட் கார்டு நம்பர்) போட்டு பிளே ஸ்டோர் கணக்குல பாலன்ஸா கிடக்குற காசுக்கு பின் கேக்காது. பிள்ளை விரலை அழிச்சிருங்க.

தெரியாம வாங்கிட்டா 48 மணி நேரத்துக்குள்ள பிளே ஸ்டோர்லயே ரீஃபண்ட் கேளுங்க. அதுக்கு அப்புறம்னா கேம் கம்பெனிகிட்டதான் போகணும்.

பிளே ஸ்டோர் பேரண்டல் கண்ட்ரோல்ஸ்ல வயசு 7+னு வச்சா, புதுசாத் தேடும்போதுதான் வடிகட்டும். ஏற்கெனவே போன்ல இருக்குற ஆப் அப்படியே இருக்கும், அதை நீங்கதான் பார்த்து எடுக்கணும்.

வடக்குமாசி_கேமர்:
ஜிடிஏ 5 டிஸ்க் மூலையில 18னு சிவப்புல போட்டிருக்கும், அது வயசு வரம்பு. 12 வயசுக்கு வேண்டாம்னு தைரியமாச் சொல்லலாம். ஆனா அந்த நம்பர் உள்ள என்ன காட்டுறாங்கங்கிறதை வச்சுப் போட்டது, காசு இழுக்குமாங்கிறதைச் சொல்லாது. ஃபிஃபா 23ங்கிற ஃபுட்பால் கேமுக்கு 3தான் போட்டிருக்கு. அதுக்குள்ளயே என்ன வரும்னு தெரியாத பிளேயர் பேக்கைக் காசு கொடுத்து வாங்க முடிஞ்சது.

சண்டைக்குக் காரணம் பிள்ளையோட பிடிவாதம் மட்டும் இல்லைங்க. பிஜிஎம்ஐல எராங்கல் மேப் ஒரு ஆட்டம் முடிய அரை மணி நேரம் கிட்ட ஆகும். நாலு பேர் சேர்ந்த ஸ்க்வாட்ல (அணியில) பாதியில போனை வச்சா மத்த மூணு பேரும் மாட்டிக்குவாங்க, ரேங்க் பாயிண்ட்டும் இறங்கும். நீங்க "எட்டு மணி ஆச்சு, வை"ங்கும்போது அவன் கடைசி வட்டத்துல (ஆட்ட இடம் சுருங்கிச் சுருங்கி வர்ற முடிவுக் கட்டம்) நிப்பான். அதனால நிமிஷக் கணக்கை விட்டு ஆட்டக் கணக்குக்கு வாங்க. "இன்னைக்கு ரெண்டு ஆட்டம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி புது ஆட்டம் தொடங்கக் கூடாது." ஃபேமிலி லிங்க் நேரத்தை அதை விட 15 நிமிஷம் கூட வைங்க, இல்லைன்னா அது நடு ஆட்டத்துல போனைப் பூட்டி அழ வைக்கும்.

தெரியாத ஆளுங்க மைக்ல பேசுறதால 12 வயசுக்கு பிஜிஎம்ஐ நான் சொல்ல மாட்டேன். ஆட்டக் கணக்குப் பழக லிச்செஸ்ங்கிற செஸ் ஆப் நல்லது. இலவசம், விளம்பரம் இல்லை. ஆளுக்கு 10 நிமிஷம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதல் நொடி இல்லாம வச்சா 20 நிமிஷத்துக்கு மேல போகவே போகாது. கணக்கு செட்டிங்ஸ்ல கிட் மோடு போட்டா சாட் மறைஞ்சிரும்.

கோபுரம்_கட்டுறவன்:
ரெண்டு பேருக்கும் பொதுவா மைன்கிராஃப்ட், பிளாக் அடுக்கி இஷ்டப்படி கட்டுற கேம். ஒரு தடவை காசு கட்டினாப் போதும். உள்ள இருக்குற மார்க்கெட்பிளேஸ்ங்கிற கடைப் பக்கம் மட்டும் விடாதீங்க. அதே மாதிரி பேர்ல போலிகள் நிறைய, கம்பெனி பேர் மோஜாங்னு இருக்கான்னு பாருங்க. எந்த நிமிஷம் நிறுத்தினாலும் கட்டினது அப்படியே இருக்கும், அதனால போனை வாங்கும்போது அழுகை குறைவு.

பொண்ணுக்கு கிரியேட்டிவ் மோடு: பிளாக் தீராது, பறக்கலாம். பையனுக்கு சர்வைவல்: பொருளைத் தானே தேடி உயிர் பிழைக்கணும். ராத்திரி பூதம் வர்றது பயமா இருந்தா பீஸ்ஃபுல் வைங்க, பூதமும் வராது பசியும் எடுக்காது. மல்டிபிளேயரை உலகம் உருவாக்கும்போதே ஆஃப் பண்ணிருங்க.

சும்மா விட்டா ரெண்டு நாள்ல அலுக்கும், வேலை கொடுங்க. ஒரு பிளாக் ஒரு மீட்டர். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர், ஒன்பது நிலை. சமதளமான ஃபிளாட் உலகம் எடுத்து 52 பிளாக் உயரம் கட்டச் சொல்லுங்க. ஒரு நிலைக்கு எத்தனை பிளாக், மேல போகப் போக எவ்வளவு குறுக்கணும்னு பையன் நோட்டுல கணக்குப் போட்டாகணும். பொற்றாமரைக் குளம் சுமார் 50க்கு 37, அது பொண்ணுக்கு.

மே மாசச் சூட்டுல சார்ஜ் போட்டுக்கிட்டே ஆட விடாதீங்க. பழைய போன் பேட்டரி உப்பிரும்.

திருமங்கலம்_அம்மா:
ரொம்ப நன்றிங்க. ஒரே போன்ல ரெண்டு பேரும் ஒரே உலகத்துல கட்டலாமா?

கோபுரம்_கட்டுறவன்:
வேண்டாம்மா, தனித்தனி உலகம் வைங்க. சேர்ந்து கட்டணும்னா, பென்சில் படத்தைத் தொட்டு காப்பி வேர்ல்ட் போட்டு, அந்த நகல்ல ஆட விடுங்க. தங்கச்சி கை பட்டு ஒரு நிலை இடிஞ்சாலும் அண்ணனோட மூலம் பத்திரமா இருக்கும். போன்ல இடம் பத்தலைன்னு ஆப்பை அழிச்சா உலகமும் சேர்ந்து போயிரும், வாரம் ஒரு தடவை எக்ஸ்போர்ட் பண்ணி (உலகத்தை ஃபைலா எடுத்து) அப்பா போனுக்கு அனுப்பி வைங்க.