கேக் பெட்டியிலும் காலையுணவுச் சீரியல் பெட்டியிலும் கிடைத்த பேஸ்பால் அட்டைகள்: உங்கள் அனுபவம் என்ன?

பிளஷிங்வாசி:

அமெரிக்காவின் ஹோஸ்டஸ் கேக் பெட்டியின் அடிப்புறத்தில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள் மூன்று மூன்றாக அச்சிட்டு வரும். அவற்றை வெட்டிச் சேர்ப்பதும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதும் எங்களைப் போன்ற பிள்ளைகளின் வழக்கம். 1976ஆம் ஆண்டு எனக்கு ஒன்பது வயது. நியூயார்க்கின் பிளஷிங் பகுதியில், மெட்ஸ் பேஸ்பால் அணி விளையாடிய ஷே அரங்கத்துக்கு அருகிலேயே குடியிருந்தோம். நாங்கள் திருநெல்வேலிச் சைவர்கள். அப்பா விவரம் தெரியாமல் முதல் ட்விங்கி (ஹோஸ்டஸின் கிரீம் கேக்) பெட்டியை வாங்கி வந்த அன்றே, அம்மா ஓரத்தில் இருந்த பொடி எழுத்துகளை எழுத்துக்கூட்டிப் படித்து, அதில் முட்டையும் மாட்டுக் கொழுப்பும் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். பெட்டி குப்பைக்குப் போனது. நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அம்மாவே ஒரு பெட்டி வாங்கி வந்தார். சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, பெட்டியின் வாயைத் திறந்து, விளிம்பை இரண்டு விரலால் மட்டும் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். உறையிட்ட கேக்குகள் தொப்புத் தொப்பென்று தாளில் விழுந்தன. ஒன்றைக்கூட அவர் கையால் தொடவில்லை. அப்படியே தாளோடு சுருட்டி மேல்மாடி கிரேக்கப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வந்து, ரவிக்கை தைக்க வைத்திருந்த கத்தரிக்கோலால் புள்ளிக்கோட்டைப் பார்த்து அட்டைகளை வெட்டிக் கொடுத்தார். பிறகு கத்தரிக்கோலைச் சோப்புப் போட்டுக் கழுவி சன்னலோரத்தில் காயவைத்தார். அந்தக் கோடை முழுவதும் இதுவே எங்கள் வீட்டுச் சனிக்கிழமை வழக்கமாயிற்று.

மெட்ஸ் அணியின் நட்சத்திரப் பந்துவீச்சாளர் டாம் சீவரின் அட்டை வந்த நாளில்தான் அம்மாவுக்குக் கை தவறியது. அட்டையின் இடது ஓரம் போய், கீழே இருந்த சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகளும் ஒரு மூலையில் துண்டாகிவிட்டன. “கோட்டுக்கு மேலயே வெட்டிட்டியேம்மா, இனி இத எவன் மாத்திக்குவான்!” என்று கத்தினேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போய்க் கத்தரிக்கோலைக் கழுவினார். மறு ஆண்டு ஜூன் 15 அன்று மெட்ஸ் அணி சீவரைச் சின்சினாட்டி அணிக்கு மாற்றிவிட்டபோது நான் அழுதேன். மூன்று வாரத்துக்குள் எங்கள் பகுதியில் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகம் நடந்தபோது, சீவர் திரும்பி வர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அம்மாவிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அப்போதும் தோன்றவில்லை.

மூன்றாற்றங்கரை:

எங்கள் வீட்டில் பிரச்சினை கொழுப்பு அல்ல, எச்சில். பிட்ஸ்பர்க், 1970. கெல்லாக்ஸ் கார்ன் ஃப்ளேக்ஸ் பெட்டிக்குள் முப்பரிமாண அட்டை வந்த முதல் ஆண்டு அது. அட்டை எப்போதும் அடியில்தான் கிடக்கும். பிள்ளைகள் கையை விட்டுத் துழாவினால் பெட்டி முழுவதும் எச்சில் என்பது பாட்டியின் தீர்ப்பு. ஆகவே மதுரையிலிருந்து கப்பலில் வந்த முறத்தில் பெட்டியைக் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குவதைப்போலப் பாட்டி இரண்டு தட்டுத் தட்டி, உறையை எடுத்து என் கையில் வைப்பார். அட்டையின் முகத்தில் நெடுக்காக ஓடும் மெல்லிய வரிகளின்மேல் நகத்தை இழுத்தால் ஜிர்ர் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே பாட்டியும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்.

எங்கள் ஊர் பைரேட்ஸ் அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் ராபர்ட்டோ கிளெமெண்டேயின் அட்டை எனக்கு அப்படித்தான் கிடைத்தது. 1972 செப்டம்பர் 30 அன்று அவர் தம் மூவாயிரமாவது ஹிட்டை (பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் முதல் தளத்தையாவது எட்டும் அடி) அடித்ததும், டிசம்பர் 31 அன்று நிகராகுவாவில் நிலநடுக்கத்தில் தவித்தவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்ததில் அவர் இறந்ததும் உங்களுக்குத் தெரிந்தவையே. புத்தாண்டுக் காலையில் வானொலியில் செய்தி கேட்டதும் அட்டையை எடுத்தேன். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் வெப்பத்தில் அது வாழைப்பூ மடலைப்போல வளைந்துபோயிருந்தது. நிமிர்த்த வேண்டும் என்று கட்டைவிரலால் அழுத்தினேன். கழுத்தருகே நெடுக விரிசல் விட்டது. பத்து வயதுப் பையனுக்கு அன்று என்ன தோன்றியிருக்கும் என்பதை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

பட்டியல்காரர்:

சிகாகோவில் வளர்ந்தேன், என்னிடமும் ஹோஸ்டஸ் அட்டைகள் சில இருந்தன, வீடு மாறும்போது அம்மா தூக்கி எறிந்துவிட்டார். அது கிடக்கட்டும். மேலே எழுதிய இருவருக்கும் சில விவரங்களைத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, பிளஷிங்வாசி அவர்களின் தாயார் கோட்டின்மீது வெட்டியது பிழையே அல்ல, வெட்டியதே பிழை. ஆண்டுக்கு 150 அட்டைகள் என்று 1975 முதல் 1979 வரை வந்த அந்த வரிசையில், தனியாக வெட்டிய அட்டையைவிட மூன்றும் ஒட்டியிருக்கும் துண்டுக்கு மதிப்பு அதிகம். பிரிக்காத முழுப் பெட்டிக்கு அதைவிடவும் அதிகம். இரண்டாவது, மூன்றாற்றங்கரை அவர்கள் தம் கட்டைவிரலைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். கெல்லாக்ஸ் அட்டையின் முகம் பிளாஸ்டிக், முதுகு காகிதம். வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இரண்டும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை என்பதால் அட்டை வளைகிறது, வளைந்ததும் அந்த வரிகளின் பள்ளத்திலேயே பிளக்கிறது. விரலே படாமல் பிளந்த அட்டைகளையும் நான் பார்த்திருக்கிறேன். 1973இல் மட்டும் அவர்கள் முப்பரிமாணத்தை விட்டுவிட்டுச் சாதாரண அட்டை போட்டார்கள். அந்த ஆண்டு அட்டைகளில் இந்தத் தொல்லையே கிடையாது.

இன்னும் வைத்திருப்பவர்கள் கவனிக்க: விரிசலுக்குப் பின்னால் செல்லோடேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகிக் காகிதத்தையும் சேர்த்து அரித்துவிடும். புத்தகத்துக்கு அடியில் வைத்து நிமிர்த்த முயல வேண்டாம். பரணும் நிலவறையும் ஆகாது. வெயிலும் குளிரும் அதிகம் மாறாத உள்ளறை அலமாரியே போதும். மலிவான மென்பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்து, இரு பக்கமும் கெட்டியான உறையில் இறுக்காமல் வையுங்கள். வெட்டிய அட்டையின் ஓரத்தைச் சீராக்குகிறேன் என்று மறுபடியும் வெட்டுவது அடாத செயல். இருக்கும் கொஞ்ச மதிப்பும் போய்விடும்.

கோபேக்காரி:

இங்கே யாரும் விலை கேட்கவில்லையே, பட்டியல்காரர் ஐயா. முழுப் பெட்டியாகவே வைத்திருக்க வேண்டும் என்றால் அந்தக் கேக்குகளை எங்கே வைத்திருப்பார்கள்?

நான் வளர்ந்தது ஜப்பானில், அப்பா கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்த கோபே நகரத்தில். அங்கே கல்பீ நிறுவனத்தின் சிப்ஸ் பையின் முதுகில் தனி உறையில் பேஸ்பால் அட்டையை ஒட்டியிருப்பார்கள். 1973 முதல் அந்த வழக்கம் உண்டு. ஆட்டக்காரர் படத்துக்குப் பதிலாக அதிர்ஷ்ட அட்டை வந்தால், அதை அனுப்பி அட்டைகளை அடுக்கி வைக்கும் ஆல்பம் வாங்கிக்கொள்ளலாம். 1985இல் ஹான்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் அணி கோப்பை வென்ற ஆண்டு, அந்த அணியின் நட்சத்திர மட்டையாளர் ராண்டி பாஸின் அட்டைக்காக வகுப்பே அலைந்தது. எனக்கு அது கிடைத்த அன்று, பின்னால் வந்த பையன் தன் சிப்ஸ் பை முழுவதையும் என் கையில் கொடுத்து, அட்டையைப் பார்க்க மட்டும் விடு என்றான். நான் சிப்ஸை வாங்கிக்கொண்டேன், அட்டையைக் காட்டவில்லை. மறு மாதம் அவன் குடும்பம் ஊர் மாறிவிட்டது. உப்புச் சிப்ஸ் தின்னும்போதெல்லாம் அவன் முகம் வந்து நிற்கிறது.

பிளஷிங்வாசி:

பட்டியல்காரர் ஐயா, அட்டையை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனாலும் செல்லோடேப் பற்றிச் சொன்னதற்கு நன்றி, ஒரு மூலையில் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன்.

கோபேக்காரி அம்மாவின் பதிவைப் படித்துவிட்டு நேற்று இரவு அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன். வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. சீவர் யார் என்று நினைவில்லை, கேக்கும் நினைவில்லை. அன்று கத்தியதற்கு மன்னிக்க வேண்டும் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “அந்தக் கத்திரிக்கோல் மழுங்கிப்போயிருந்துச்சுடா, சாணை பிடிக்கணும்னு உங்க அப்பாகிட்ட எத்தன தடவ சொன்னேன்” என்றார்.