சக்திமான் லாரியில் ஸ்லோ ஸ்பீடு நிலைக்காத அனுபவங்கள்

கூடலூர்க்காரன்:
ராணுவம் கழித்து ஏலம் விட்ட சக்திமான் ஒன்று எங்கள் மர டிப்போவில் இன்னும் ஓடுகிறது. டீசலை அழுத்தித் தரும் பம்பும் அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில்களும் சர்வீஸ் ஆகி வந்த பிறகும் ஸ்லோ ஸ்பீடில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் தானே ஓடும் வேகத்தில், குலுங்குவது நிற்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் சமாளித்துக்கொள்ளும், விட்டால் மறுபடியும் திக்கும். பம்பிலிருந்து நாசில்களுக்குப் போகும் ஹை பிரஷர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினோம்; தளர்த்தினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. எதைத் தளர்த்தினாலும் சத்தம் ஒரே அளவில் இறங்கியதால், ஆறு சிலிண்டர்களும் அடிக்கின்றன என்பது உறுதியாயிற்று. டீசல் நிரப்பிய அன்று மட்டும் கோளாறு தலைகாட்டுவதில்லை என்பதைக் கவனித்தவர் எங்கள் கிளீனர் பெரியவர். "டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால்தான் இது மக்கர் பண்ணுது தம்பி" என்றார். மெக்கானிக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரியவர் சொன்னதை நம்பி, டேங்குக்கும் அதிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பீட் பம்புக்கும் நடுவே உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒன்றைப் போட்டு ஓடவிட்டோம். சிறு சிறு காற்றுக் குமிழ்கள் கூட்டம் கூட்டமாக வந்ததும், ஒவ்வொரு கூட்டமும் உள்ளே போன சற்று நேரத்தில் எஞ்சின் தடுமாறியதும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. டீசல் மட்டம் அதற்கு மேலே நிற்கும்வரை அது டீசலை இழுக்கும்; மட்டம் இறங்கினால் காற்றை இழுக்கும். வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பம்ப் கடைக்குக் கொடுத்த பணம்தான் இன்றும் உறுத்துகிறது.

செங்கோட்டை டீசல்:
இதைப் படித்துவிட்டு எல்லோரும் டேங்கைக் கழற்றக் கிளம்ப வேண்டாம். சோதனைக்குப் போட்ட டியூபின் கிளாம்ப் சரியாக இறுகாவிட்டால் அந்த டியூபே காற்றை இழுத்துக் குமிழ் காட்டும். அதைப் பார்த்தீர்களா என்று நண்பர் எழுதவில்லை. எங்கள் வண்டியில் மூன்றாவது பைப்பைத் தளர்த்தியபோது சத்தத்தில் மாற்றமே இல்லை. நாசிலை நான்காவதோடு மாற்றிப் போட்டோம். கோளாறு நாசிலோடு போகாமல் மூன்றிலேயே நின்றது. ஹெட்டைக் கழற்றலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, பம்பில் மூன்றாவது பைப்புக்கு டீசலை விடும் டெலிவரி வால்வின் ஹோல்டரைத் திறந்த மெக்கானிக் ஸ்பிரிங்கை இரண்டு துண்டாக என் உள்ளங்கையில் வைத்தார். இதில் டேங்கோ காற்றோ எங்கே வந்தது?

பழைய ஸ்பானர்:
இரண்டும் இரண்டு நோய்கள், இதில் சண்டை எதற்கு? என்னிடம் வந்த ஒரு சக்திமானில், குலுங்கல் தெரியாமலிருக்க ஸ்லோ ஸ்பீடு ஸ்குரூவை ஏற்றிவைத்து விற்றிருந்தார்கள். அதை இறக்கிய நிமிடமே வண்டி அணைந்துபோனது. அவ்வளவுதான் என் கதை.

யாரும் கேட்காவிட்டாலும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். சக்திமான் ஜெர்மனியின் மான் (MAN) நிறுவன உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூர் தொழிற்சாலையில் தயாரான வண்டி. டீசலின் பெரும்பகுதியைப் பிஸ்டன் தலையிலுள்ள உருண்டைக் குழியின் சுவரில் படலமாகப் படியவைத்து எரிக்கும் 'எம்' (M) முறை எஞ்சின் என்பதால், அந்தச் சுவர் சூடேறும்வரை வெள்ளைப் புகையும் கொஞ்சம் குலுங்கலும் இருக்கத்தான் செய்யும். கூடலூர்க் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்தவுடனே நோய் பார்க்காதீர்கள். நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். பைப் நட்டைத் தளர்த்தும் சோதனையை ஸ்லோ ஸ்பீடில் மட்டும் செய்ய வேண்டும். கையைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது, ஏனெனில் அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது ஆஸ்பத்திரிக் கேஸ். பில்டரைத் திறந்தால் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மிருதுவாகிவிடும். டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் கைக்கும் நடுவே விடும் சந்தை) பார்க்காமல் பம்பைக் கழற்றாதீர்கள். பம்பின் அளவை மாற்றாமலிருக்க வைத்த முத்திரையை (சீல்) மட்டும் நீங்களே உடைக்க வேண்டாம். பில்டரைச் சொன்னேன், டேங்கின் அடியிலுள்ள தண்ணீரையும் சகதியையும் மறந்துவிட்டேன்; எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வடித்துவிடுங்கள்.

வால்பாறை வளைவு:
எங்கள் வண்டியில் எஞ்சின் ஒழுங்காகத்தான் அடித்தது. மவுண்டிங் ரப்பர் செத்துப்போய் கேபின் மட்டும் ஆடியது. பானெட்டைத் திறந்து எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது.

கூடலூர்க்காரன்:
கிளாம்ப் பற்றிய சந்தேகம் நியாயமானதுதான். அதற்காகவே டேங்கை விட்டுவிட்டு, டேங்க் இருக்கும் உயரத்திலேயே ஒரு கேனை வைத்து, அதே டியூபை அதே கிளாம்போடு கேனிலிருந்த டீசலில் இறக்கி ஓட்டினோம். ஒரு குமிழும் வரவில்லை, எஞ்சினும் தடுமாறாமல் அடித்தது. அதன் பிறகே உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தோம். ஒரு முனையை அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி ஊதியபோது விரிசல் இருந்த இடம் தெரிந்தது. பித்தளைப் பற்று வைத்துப் போட்டிருக்கிறோம். புதுக் குழாய் பழைய இரும்புக் கடைகளில் தேடியும் இன்னும் அகப்படவில்லை, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.