சைலண்ட் ஆஸ்பிரேஷன்: கள்ளப் புரையா, இருமாப் புரையா?

விழுங்கல் சிகிச்சையாளர், சேலம்:
வணக்கம். கையேட்டு வரைவில் சைலண்ட் ஆஸ்பிரேஷனுக்கு 'மௌன உறிஞ்சல்' என்றிருக்கிறது. யாரும் எதையும் உறிஞ்சவில்லையே! சோறோ நீரோ எச்சிலோ குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழலில் இறங்குகிறது, இருமல் வருவதில்லை. 'கள்ளப் புரை' எனலாமா?

கலைச்சொல் தொகுப்பாளர், ஏற்காடு:
'கள்ள' வேண்டாம் ஐயா, நோயாளி ஏதோ ஒளிப்பதுபோல் தொனிக்கும். 'புரை'யிலும் எனக்குத் தயக்கம். புரையேறினால் இருமல்தான், யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோம். இருமலே இல்லாததற்கு அந்தச் சொல் பொருந்துமா?

சிகிச்சையாளர்:
அந்த முரண்தான் வேண்டும் அம்மா. 'புரையேறுதா?' என்றால் வீட்டார் 'இல்லீங்க' என்பார்கள். உண்மைதான், இருமல் இல்லை. சாப்பிட்டதும் குரல் நனைந்து களகளக்கிறதா, நெஞ்சுச்சளியும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வருகிறதா என்று கேட்க வேண்டும். 90 மி.லி. தண்ணீர் குடிக்கவைக்கும் சோதனை பெரிதும் இருமலை நம்பியது. தொண்டை உணர்வு மழுங்கியவரிடம் ஏமாற்றலாம். உறுதிசெய்ய, பேரியம் கலந்த கவளத்தை விழுங்கும்போதே எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும், அல்லது மூக்கு வழியே எண்டோஸ்கோப்.

விழுங்கியது மூச்சுப்பாதையில் எவ்வளவு தூரம் போகிறது என்று குறிக்கும் ரோசன்பெக் குழுவின் 1996 அளவுகோலில் 8 படிகள். 2 முதல் 5 வரை குரல்வளைக்குள் நுழைந்தும் நாண்களைத் தாண்டாதது: 'குரல்வளை நுழைவு'. 6 முதல் 8 வரை தாண்டியது: 'மூச்சுக்குழல் இறக்கம்'. வெளித்தள்ளும் முயற்சியே இல்லாத 8க்கு மட்டும் 'இருமாப் புரை'.

தொகுப்பாளர்:
'வாடாப் பூ' போல, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; ஒற்று மிகும். இலக்கணம் சரி. வீட்டாருக்கான வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்.

சிகிச்சையாளர்:
'இவருக்கு இருமாப் புரை இருக்கிறது. இருமவில்லையே என்று தண்ணீர் கொடுக்காதீர்கள். ஜவ்வரிசிப் பாயசம் வேண்டாம்: வாயில் மணியை மெல்வதற்குள் பால் ஓடிவிடும். தட்டுவடை செட்டும் ஆகாது; தட்டுவடை உதிரும், இடையில் வைத்த காய்த்துருவல் சாறு விடும்.'

நம்மூர் மரவள்ளி மாவில் நீரைக் கெட்டியாக்கலாமே என்பார்கள். எச்சிலின் அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கும். வாய்வைத்த கரண்டியை டம்ளரில் போட்டுவைத்தால் நீர்த்துப்போகும். சாந்தன் பிசின் அப்படி நீர்க்காது. கெட்டியை 10 மி.லி. சிரிஞ்சில் அளக்கலாம் (0–10 குறி 61.5 மி.மீ. நீளம் இருக்கட்டும்): நிரப்பி, 10 விநாடி ஒழுகவிட்டு, 4–8 மி.லி. மிஞ்சினால் IDDSI என்ற சர்வதேசக் கெட்டி அளவுகோலில் நிலை 2. யாருக்கு எந்த நிலை என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். கெட்டி கூடினால் தொண்டையில் தங்கிப் பிறகு மூச்சுக்குழலில் இறங்கும்.

தொகுப்பாளர்:
தொண்டையில் தங்குவதற்கு வரைவில் 'எச்சம்' என்றிருக்கிறது. பறவை நினைவு வருகிறது. 'தங்கல்' என மாற்றுகிறேன்.