இ-கோலிக்குத் தமிழில் ‘குடற்கோலி’ சரிவருமா?

நண்பர்களே, வணக்கம். நம் குடலில் வாழும் இ-கோலி (எசரிக்கியா கோலி) என்ற நுண்ணுயிருக்குத் தமிழ்ப் பெயராக ‘குடற்கோலி’யை முன்வைக்கிறேன். அதற்கு ஒரு நண்பர் கேட்டது:

> ‘குடல் நுண்ணுயிரி’ என்றே விட்டுவிடலாமே?

விடலாம்தான். ஆனால் நம் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர் இனங்கள் நூற்றுக்கணக்கில். அந்தக் கூட்டத்தில் இ-கோலி பெரும்பாலும் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. ஊர்ப் பெயரை ஒரு வீட்டுக்கு வைத்த கதையாகிவிடும்.

‘மலக்கிருமி’ என்ற பெயரும் எனக்கு ஒப்பவில்லை. கிருமி என்றாலே நோய்தான் நினைவுக்கு வரும். இதுவோ பச்சைக் குழந்தையின் குடலுக்கு முதலில் குடிவருகிறவற்றுள் ஒன்று. வைட்டமின் கே-யும் கொஞ்சம் ஆக்கித் தருகிறது. ஓ157 மாதிரி சில பொல்லாத வகைகளுக்காக மொத்தக் குடும்பத்துக்கும் பழிப்பெயர் வேண்டாம்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். குடிநீர் என்றால் 100 மில்லியில் இது ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதற்குரிய சாய ஊடகம் இட்ட தட்டில் வளர்த்தால் பொன்வண்டு முதுகுபோலப் பச்சையாக மின்னும். பார்க்க அழகு, அறிக்கையில் எழுதத்தான் சங்கடம். கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்த ஒரு பெரியவர் அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, “கோலி இருக்குன்னு போட்டிருக்கே, பசங்க உள்ள போட்டுட்டானுங்களா?” என்றார். அன்றிலிருந்துதான் இந்த யோசனை.

1885-இல் மியூனிக்கில் குழந்தைகளின் மலத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தவர் தியோடர் எஷரிக். ‘எசரிக்கியா’ அவர் நினைவாக வந்தது. அறிவியல் பெயரில் அது அப்படியே இருக்கட்டும். ‘கோலி’ என்பது இலத்தீனில் ‘பெருங்குடலுடைய’ என்று பொருள்படும். நம் கோலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் இது கோல்தான்: 2 மைக்ரோமீட்டர் நீளத்தில் ஒரு குட்டிக் கோல். குடல் + கோலி = குடற்கோலி. பழகிய ஒலியும் போகாது, பொருளும் நிற்கும்.

குடலில் வேறு கோல் வடிவ உயிர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, பாக்டீராய்டீசு இதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் என்ன? முள் உள்ள செடியெல்லாம் முள்ளி ஆகிவிடுவதில்லை. காரணம் பலவற்றுக்குப் பொருந்தினாலும் ஒன்றுக்கே வழங்கும் பெயருக்குக் காரண இடுகுறி என்று இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது.

எனக்கு இடிப்பது ‘கோலிஃபார்ம்’ என்பதற்கான தமிழ்ப் பெயர்தான். குடற்கோலியும் அதன் சாயலில் உள்ள நுண்ணுயிர்களும் சேர்ந்த கூட்டம் கோலிஃபார்ம். அவற்றில் சில மண்ணிலும் வாழும். ‘குடற்கோலியினம்’ என்றால் எல்லாமே குடலிலிருந்து வந்ததாகிவிடும். ‘கோலிநிகரி’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை. வேறு ஏதாவது தோன்றுகிறதா?